கடைசி அட்டையின் முதுகு

1950 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. கோயில் முற்றத்தில் பதினேழு குழந்தைகள் இருந்தார்கள். கதை சொல்ல நின்றவள் பெயர் ஒகுடா டோமி, வயது முப்பத்தொன்பது.

ஜப்பான் கடலை ஒட்டிய குரோஹமா என்ற அந்தத் துறைமுக ஊரில் அவளை எல்லோரும் மீன் கொட்டகையில்தான் பார்த்திருந்தார்கள். கணவாய் மீன் அறுக்கிற வேலை. கொட்டகையின் இந்த முனையிலிருந்து கூப்பிட்டால் அந்த முனையில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கதைசொல்லி ஹதனோ கின்ஜி அவளைச் சிஷ்யையாகச் சேர்த்துக்கொண்டார். ஆறு மாதம் ஆகியிருந்தது.

கின்ஜிக்கு வயது முப்பது. தன்னைவிட ஒன்பது வயது மூத்த ஒருத்தி தன்னை 'சென்செய்' என்று, அதாவது ஆசிரியரே என்று, அழைப்பதை ஊர் கேலி செய்தது. "வயதில் அவர் மூத்தவர், கதை அட்டையில் நான் மூத்தவன்" என்பார் கின்ஜி; அவளை மரியாதையாக 'டோமி சான்' என்றே அழைப்பார். போரில் அவருக்கு வலது காது கேட்காமல் போயிருந்தது. கேலி தொடர்ந்தால் அந்தக் காதைத் திருப்பிக் காட்டுவார்.

அவர்கள் தொழில் படக்கதை. கமிஷிபாய் என்று அந்த நாட்டில் பெயர். சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி. அதன் முன்பக்கம் சன்னல் போல இரண்டு கதவுகள். உள்ளே படம் வரைந்த அட்டைகள் அடுக்கியிருக்கும். கதை சொல்பவர் பெட்டிக்குப் பின்னால் நிற்பார். முன்னால் இருக்கும் அட்டையைப் பக்கவாட்டில் உருவி, அடுக்கின் பின்னால் செருகுவார். குழந்தைகளுக்கு அடுத்த படம் தெரியும். அந்தப் படத்துக்கான வார்த்தைகள், இப்போது செருகிய அட்டையின் முதுகில் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்.

ஆகவே இரண்டாம் படத்தின் வார்த்தைகள் முதல் அட்டையின் முதுகில் இருக்கும். மூன்றாம் படத்தினுடையவை இரண்டாம் அட்டையின் முதுகில். முதல் படத்தின் வார்த்தைகளுக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கடைசி அட்டையின் முதுகு.

கதைகளை ஒரு கடை ஊர் ஊராக அனுப்பியது. ஒவ்வொரு கதைக்கும் கையால் வரைந்த ஒரே ஒரு கட்டுதான். மூன்று நாள் ஓர் ஊரில் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த ஞாயிறன்று வந்தது புதுக் கதை, பன்னிரண்டு அட்டைகள்.

"இன்று நீங்கள் சொல்லுங்கள், டோமி சான்" என்று காலையில் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார் கின்ஜி.

டோமி அடுப்படியில் உட்கார்ந்து படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதல் படத்தில் ஒரு சீமைப் பனிச்சை மரத்தடியில் யஹெய் என்ற இளைஞனும் அவன் மனைவி ஒஷினோவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வறட்சி. வயல் வெடிக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் மழை அரசனிடம் யாராவது போய்க் கேட்க வேண்டும். யஹெய் போகிறான். 'கொடுக்கிறேன். ஆனால் மழையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மழையாகவே போக வேண்டும்' என்கிறான் அரசன். பதினொன்றாம் படத்தில் வானம் கறுக்கிறது; ஒஷினோ அடுப்பு மூட்டிவிட்டு வாசலைப் பார்க்கிறாள். பன்னிரண்டாம் படத்தில் திறந்த கதவு, கதவுக்கு வெளியே மழை. ஆள் இல்லை.

டோமி அந்தப் பன்னிரண்டாம் அட்டையை மட்டும் உருவினாள். ஒரு துணியில் சுற்றி, அலமாரியில் மடித்து வைத்திருந்த படுக்கைக்கு அடியில் வைத்தாள். மற்ற பதினொன்றையும் கட்டினாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் கணவன் ஷின்கிச்சி 1943 ஜூன் மாதம் சண்டைக்குப் போனான். அக்டோபரில் மகள் நவோ பிறந்தாள். சண்டை முடிந்து மூன்று ஆண்டு கழித்து, சைபீரியக் கைதி முகாமிலிருந்து கப்பலில் திரும்பிய ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். 1946 குளிர்காலத்தில் முகாம் மருத்துவக் கூடத்தில் ஷின்கிச்சி இறந்துவிட்டதாகச் சொன்னார்.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்று டோமி கேட்டாள்.

"கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்தேன், அம்மா."

"கட்டில் காலி என்றால் எழுந்து போயிருக்கலாம்."

வந்தவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஷின்கிச்சியின் அண்ணன் வருவார். இறந்தவர்களுக்கு வைப்பதுபோலக் கோயிலில் தம்பியின் பெயர்ப்பலகை வைக்க வேண்டும், பூசை செய்ய வேண்டும் என்பார். டோமி சம்மதிக்கவில்லை. வெளியூர் போனவர் பசியாமல் இருக்க வீட்டில் அவருக்கும் ஒரு கிண்ணம் சோறு வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். டோமி ஏழு ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தின் மூடியைத் திருப்பிப் பார்ப்பாள். மூடியில் நீர்த்துளி கோத்திருந்தால் போனவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். சுடுசோற்றை மூடி வைத்தால் துளி கோக்காமல் என்ன செய்யும். அதைப் பற்றி அவள் யோசிப்பதில்லை.

நவோ அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்டால் டோமிக்கு ஒரே பதில்தான்.

"அவரே வந்து சொல்வார்."

அன்று மூன்றரை மணிக்குக் கோயில் முற்றத்தில் குழந்தைகளைக் கூப்பிடும் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி, மிட்டாய் விற்று முடித்து, டோமி பெட்டிக் கதவுகளைத் திறந்தாள். மிட்டாய் வாங்கியவர்கள் முன்வரிசை, வாங்காதவர்கள் பின்வரிசை. நவோ முன்வரிசையில் இருந்தாள். கின்ஜி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

முதல் படம் தெரிந்தது. மரத்தடியில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டோமி வழக்கம்போல அடுக்கின் பின்பக்கத்தைப் பார்த்தாள். கண் பார்த்ததை வாய் சொல்லிவிட்டது.

"மழை வந்தது. ஊரெல்லாம் நனைந்தது. அவன் மட்டும் வரவில்லை."

சொன்ன பிறகுதான் என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்தது. படத்தை எடுத்திருந்தாள். அந்தப் படத்தின் வார்த்தைகள் பதினொன்றாம் அட்டையின் முதுகில் இருந்தன. பன்னிரண்டாவது போய்விட்டதால் இப்போது அதுதான் கடைசி அட்டை.

"யார் வரவில்லை, அத்தை? அதோ நிற்கிறானே!" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"மழை எங்கே? வெயில்தானே அடிக்கிறது!"

"அத்தை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்!"

"மீன் நாற்றத்தில் கதை மயங்கிவிட்டது!"

பதினாறு பேர் சிரித்தார்கள். நவோ சிரிக்கவில்லை.

முதல் படத்தின் வார்த்தைகள் டோமியிடம் இல்லை. சொந்தமாக ஏதாவது சொல்லலாமே என்று வாயைத் திறந்தாள். மரத்தடியில் சிரிக்கிற ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு வார்த்தையும் வரவில்லை.

கின்ஜி எழுந்து வந்து பெட்டிக் கதவுகளைச் சாத்தினார்.

"கதை இன்று தலைகீழாக வந்துவிட்டது. நாளை நேராக வரும். நீங்களும் வாருங்கள்" என்றார் குழந்தைகளிடம்.

"மிட்டாய் மறுபடியும் உண்டா?"

"உனக்கு இரண்டு. பக்கத்திலிருப்பவனுடையதைச் சேர்த்து."

குழந்தைகள் கலைந்தார்கள். கின்ஜி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தாயும் மகளும் கூட நடந்தார்கள்.

"கடைசி அட்டை எங்கே?" என்று கின்ஜி கேட்டார்.

"வீட்டில் இருக்கிறது, சென்செய்."

"கதை?"

டோமி தலையைக் குனிந்தாள். "அதுவும் வீட்டில்தான்."

நவோ கின்ஜியின் கேட்கிற காதுப் பக்கமாக வந்தாள்.

"சென்செய், எங்கள் அப்பாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லையே, நவோ சான். நான் இந்த ஊருக்கு வந்தே மூன்று வருடம்தான்."

"பெரியப்பா பார்த்திருக்கிறார். மீன் கொட்டகையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அப்பாவைப் பற்றிச் சொல் என்றார்கள். 'அவரே வந்து சொல்வார்' என்று சொன்னேன்."

"ஆசிரியை என்ன சொன்னார்?"

"உட்காரச் சொன்னார்."

டோமி வேகமாக நடந்து முன்னால் போய்விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை அவள் அட்டையைக் கொண்டுவந்து கின்ஜியின் முன்னால் வைத்தாள். துணியைப் பிரித்தாள். ஓர் ஓரம்கூட மடங்கவில்லை.

"தொழிலை விட்டு அனுப்பிவிடுங்கள், சென்செய். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்."

"கேளுங்கள்."

"இதுவும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்த படம்தானே. இதற்குப் பதிலாக அவன் வீட்டுக்கு வருகிற மாதிரி ஒன்று வரைந்தால் என்ன? வானமா இடிந்து விழும்?"

கின்ஜி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு வெற்று அட்டையைக் கொண்டுவந்தார். அதே அளவு, அதே தடிமன். ஒரு பென்சிலையும் ஒரு ரப்பரையும் அதன் மேல் வைத்தார்.

"வரையுங்கள்."

டோமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கதையைக் கெடுக்கிறேன் என்று திட்டுவீர்கள் என்று நினைத்தேன்."

"யஹெயின் கதை நாளை மறுநாள் அடுத்த ஊருக்குப் போகிறது. அதை நீங்கள் எப்படிக் கெடுக்க முடியும்? இந்த அட்டை உங்களுடையது. யாரை வீட்டுக்கு வரவைக்க வேண்டுமோ அவரை வரையுங்கள்."

டோமி அட்டையைக் கையில் எடுத்தாள்.

"ஒன்றே ஒன்று" என்றார் கின்ஜி. "கடைசி அட்டைக்கு முதுகு உண்டு. அங்கே முதல் படத்தின் வார்த்தைகளை எழுத வேண்டும். நேற்று மறந்துவிட்டீர்கள்."

அன்று மாலை யஹெயின் கதையைக் கின்ஜியே சொன்னார். பன்னிரண்டு அட்டைகளும் இருந்தன. பதினொன்றாவதை அவர் உருவத் தொடங்கியபோது டோமி கோயில் கிணற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அவர் அவளை அனுப்பிவிடவில்லை. அவள் மற்ற கதைகளைச் சொன்னாள். நரி ஏமாந்த கதை, மலைப் பூதத்துக்குப் பல்வலி வந்த கதை. குழந்தைகள் 'மீன் அத்தை' என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் அட்டை இருந்தது.

மே மாதம் அதைக் கின்ஜியிடம் காட்டினாள். வாசல் வரைந்திருந்தாள். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு கெண்டி, கூரையில் ஒரு காக்கை. காக்கை நன்றாக வந்திருந்தது.

"ஆள்?"

"வருவார், சென்செய். முகம்தான் கொஞ்சம் நேரம் எடுக்கிறது."

ஜூனில் மழைக்காலம் தொடங்கியது. அட்டை ஈரம் இழுத்தது. அவள் மறுபடியும் கொண்டுவந்தபோது வாசலில் ஆள் நின்ற இடம் அழித்து அழித்துப் பஞ்சுபோல் ஆகியிருந்தது.

"எந்த வயதில் வரைவது?" என்று கேட்டாள். "போகும்போது முப்பத்தைந்து. அப்படியே வரைந்தால் இந்த ஏழு வருடம் எங்கே போயிற்று என்று தோன்றுகிறது. இப்போதைய வயதில் வரையலாம் என்றால், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. முடி நரைத்திருக்குமா? மெலிந்திருப்பாரா? பல் விழுந்திருக்குமா? நான் போடுகிற ஒவ்வொரு கோடும் வேறு யாரோ ஓர் ஆளாக வந்து நிற்கிறது, சென்செய். அந்நியர்களாக வந்துகொண்டே இருக்கிறார்கள்."

கின்ஜி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஒன்றும் இல்லை.

"முகம் வராவிட்டால் திருப்பிக்கொள்ளுங்கள்" என்றார். "முதல் படம் என்ன?"

"எதனுடைய முதல் படம்?"

"அவர் முதன்முதலில் உங்கள் வாசலுக்கு வந்த படம்."

டோமிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அது எதற்கென்று சொல்லாமல் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

இலையுதிர் காலம் வரை எழுதினாள். மீன் கொட்டகையில் இருந்தபோது இடையிடையே ரசீதும் எழுதிய கை. எழுத்து பொடியாக வந்தது. சமையலுக்கு அரிசி ஊறுகிற நேரத்தில் நான்கு வரி, துணி காய்கிற நேரத்தில் இரண்டு வரி. குழந்தைகள் படிக்கிற எளிய எழுத்திலேயே எழுதினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு சாயங்காலம் அவள் கொல்லையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து நவோவின் குரல் கேட்டது. அந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்... கள்... வீட்டு... மர... வாளி... ஒழுகியது."

டோமியின் கை நின்றது.

"வாளி சரிசெய்கிறவர் வந்தார். அவர் பெயர் ஷின்கிச்சி. வளையத்தை இறுக்கிவிட்டுப் போனார். மறுநாள் வாளி மறுபடி ஒழுகியது. அவர் மறுபடி வந்தார். 'நான் இறுக்கிய வளையம் கழன்றதே இல்லை' என்றார். என் அப்பா, 'கழன்றிருக்கிறதே, குருடா?' என்றார். மூன்றாம் நாளும் ஒழுகியது. அவர் வாளியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வளையத்தில் கல்லால் தட்டிய தழும்பு இருந்தது. அவர் அதை என் அப்பாவிடம் சொல்லவில்லை."

பிறகு நவோ அட்டையோடு கொல்லைக்கு ஓடிவந்தாள்.

"யார் கல்லால் தட்டியது?"

டோமி முள்ளங்கியைக் கழுவினாள்.

"அம்மா! நீங்களா தட்டினீர்கள்?"

"ஆமாம்."

"நல்ல வாளியையா?"

"நல்ல வாளியைத்தான்."

நவோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அட்டையைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். முதுகில் ஓரம்வரை எழுதி இடம் தீர்ந்திருந்தது.

"இதோடு முடிந்துவிட்டதா? பிறகு என்ன ஆயிற்று?"

இத்தனை நாளாகச் சொல்லி வந்த பதில் டோமியின் நாக்கு நுனிக்கு வந்தது. மகள் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்படி ஒரு முகத்தை டோமி தினமும் பெட்டியின் எதிரே பார்க்கிறாள். பதினைந்து பேர், இருபது பேர். கதை சொல்பவருக்கு அந்த முகத்தின் முன்னால் வேறு வழி கிடையாது.

"பிறகு நான்காம் நாள் வந்தார்" என்றாள். "யாரும் கூப்பிடவில்லை. வாளி ஒழுகவும் இல்லை."

"எதற்கு வந்தார்?"

"அதைத்தான் உன் தாத்தாவும் கேட்டார். 'வளையம் கழன்றுவிடுமோ என்று கவலையாக இருந்தது' என்றார் உன் அப்பா."

"பொய்!"

"பச்சைப் பொய். பொய் சொன்னால் அவருக்குக் காது நுனி சிவக்கும். உனக்குச் சிவப்பதுபோல."

நவோ தன் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று முள்ளங்கி வேகுகிறவரை சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள். மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது நவோ விட்ட இடத்தை நினைவூட்டினாள். அவர் நீச்சல் தெரியாமல் துறைமுகத்தில் வளர்ந்தது. சோயா அவரையை ஊதி ஊதிச் சாப்பிடுவது. கல்யாணத்தன்று பாடச் சொன்னபோது ஒளிந்துகொண்டது. ரயில் நிலையத்தில் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றியது. "உன்னை அவர் என் வயிற்றில் தட்டிக் கூப்பிட்டார். வாளியைத் தட்டிப் பார்ப்பதுபோல இரண்டு தட்டு."

"நான் பதில் சொன்னேனா?"

"உதைத்தாய்."

டிசம்பர் முழுதும் கதை ஓடியது. ரயில் கிளம்பிய இடத்துக்கு வந்ததும் நவோ ஒவ்வொரு முறையும் 'பிறகு?' என்றாள். டோமி மறுபடி வாளிக்குப் போனாள். நவோ மறுக்கவில்லை; கூடவே போனாள்.

1951 ஜனவரி நடுவில், பனி பெய்து சாலை அடைபட்டு வேலையில்லாத ஒரு நாள், டோமி கின்ஜியின் வீட்டுக்கு வந்தாள். அட்டையை அவர் முன்னால் வைத்தாள். முன்பக்கத்தில் காக்கையும் கெண்டியும்கூட இப்போது இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தாள்.

கின்ஜி அட்டையைத் திருப்பினார். முதுகை முழுக்கப் படித்தார். குருடா என்று வரும் இடத்தில் ஒரு முறை சிரித்தார்.

"நன்றாக இருக்கிறது" என்றார்.

"முதுகு இருக்கட்டும், சென்செய். முன்பக்கத்தைப் பாருங்கள். ஒன்பது மாதம் முயன்றேன். அவரை ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த வாசலுக்குக் கொண்டுவந்துவிட நினைத்தேன். முடியவில்லை. வெறும் அட்டையாக இருக்கிறது." அவள் குரல் மீன் கொட்டகைக் குரலாக இல்லை. "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

கின்ஜி அட்டையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

"பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவருக்கு முதுகு மட்டும்தான் தெரியும், டோமி சான். எதிரே என்ன படம் தெரிகிறது என்று நவோவைக் கேளுங்கள்."

வெளியே யாரோ சாலையில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள்.

1951 மார்ச் 21, புதன்கிழமை, வசந்த காலப் பூசை நாளன்று, குரோஹமா கோயிலில் ஒகுடா ஷின்கிச்சியின் பெயர்ப்பலகை வைக்கப்பட்டது. வந்தவர்கள் ஆறு பேர். இறந்தவரைப் பற்றிப் பேசியவள் அவர் மகள் நவோ, வயது ஏழு. கால் மணி நேரம் பேசினாள்.